ஆறு கம்பி, ஐந்து ஆறு!

தஞ்சாவூர் என்றதும் உங்களுக்கு என்னென்ன ஞாபகம் வரும்? பெரிய கோயில், கலைத்தட்டு, வீணை, தலையாட்டி பொம்மை, டிகிரி காபி... ('காபி எங்க ஊராச்சே' என்று கும்பகோணத்துக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், ஜில்லா ஒன்றுதான்!) இந்த லிஸ்ட்டில் கிடார் கிடையாது.

ஆனால், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் மெடிக்கல் காலேஜ் ரோட்டிலோ, நாஞ்சிக்கோட்டை ரோட்டிலோ சும்மா ஒரு நடை நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு மாடிப் போர்ஷனில் இருந்து 'என் இனிய பொன் நிலாவே' பாட்டின் முன்னிசை தட்டுத் தடுமாறி இறங்கி வரும். 1980-ல் 'மூடுபனி' வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிடார் வாங்குகிற பிள்ளைகளுக்கு அதுதான் பிள்ளையார் சுழி. அது கைக்கு வராதவர்கள் 1982-ல் வந்த 'இளைய நிலா'வுக்குப் போவார்கள். அது இன்னும் கஷ்டம்! முன்னிசை தாண்டிப் பல்லவிக்குப் போனவர்கள் குறைவு. சரணத்தைக் கண்டவர்கள் அதைவிடக் குறைவு.

வாசிப்பவர் யார்? பகலில் பாங்க்கில் வவுச்சர் பார்ப்பவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஃபைல் தேடுபவர். உரக்கடையில் கணக்கு எழுதுபவர். கிடாரைத் தவணையில் வாங்கியிருப்பார். அது வாரத்தில் ஆறு நாள் பீரோ மேல் படுத்திருக்கும். ஏழாவது நாள் இறங்கும்போது, 'ஆரம்பிச்சுட்டான்யா!' என்று வீட்டில் ஒரு குரல் கேட்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் போகும்போதெல்லாம் இந்த அமெச்சூர் கிடாரிஸ்டுகளோடு உட்கார்ந்து பேசுவது என் வழக்கம். எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி மூன்று புகார்தான் சொல்கிறார்கள்.

ஒன்று, 'ஸ்ட்ரம்மிங் பண்ணினா கொத்து பரோட்டா போடற மாதிரி இருக்கு, சார்.'

இரண்டு, 'வாசிச்சுக்கிட்டே பாடினா குரல் மேல போய் மாட்டிக்குது.'

மூன்று, 'வீட்ல ரிக்கார்ட் பண்ணினா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி கேக்குது.'

இதற்கெல்லாம் மருந்து இன்டர்நெட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால், பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்திலேயே அது இருக்கிறது என்பதுதான் என் கட்சி. வாங்க, ஒரு ரவுண்டு போய் வருவோம்.

* * *

முதலில் அரண்மனை. 'கிடார் வெள்ளைக்காரன் வாத்தியம், இந்த ஊருக்கு ஒட்டாது' என்கிற பெரியவர்களை இங்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன் அரண்மனையில் மேற்கத்திய வாத்தியக் குழு ஒன்று வைத்திருந்தார். அவர் சேர்த்த ஐரோப்பிய இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அதே காலத்தில், திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மேல்நாட்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். 'நோட்டுஸ்வரம்' என்று அவற்றுக்குப் பெயர். அதில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு! அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்து மணலியில் இருந்தபோது வயலின் கற்றுக்கொண்டார்.

அப்புறம் தஞ்சை நால்வர். சகோதரர்களில் இளையவரான வடிவேலு, வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கியவர்களில் முக்கியமானவர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள், 1834-ல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகத் தந்தார்.

யோசித்துப் பாருங்கள். கப்பலில் வந்து இறங்கிய ஒரு வாத்தியம். நின்றுகொண்டு, தாடைக்கடியில் வைத்து வாசிக்கிற வாத்தியம். அதை வாங்கி, சம்மணம் போட்டு உட்காரவைத்து, தலையைக் கீழே பார்க்கத் திருப்பி, சுருதியை மாற்றி, 'நீ இனி எங்க வீட்டுப் பிள்ளை' என்று சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு வயலின் இல்லாமல் ஒரு கச்சேரி நடக்குமா?

ஆக, வெளியூர் வாத்தியம் என்பது இந்த ஊரில் ஒரு குற்றமே இல்லை. வந்த வாத்தியம் இந்த ஊர்க் காற்றைக் காதில் வாங்கிக்கொள்கிறதா என்பதுதான் கேள்வி.

* * *

அடுத்தது வீணைப் பட்டறை. பலா மரத்தைக் குடைந்து குடம், தண்டி, யாளி முகம் என்று செய்துகொண்டிருப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய வாத்தியம். அதில் 24 மெட்டுகள். ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 1600-களில், இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றது என்பார்கள்.

கிடாரிஸ்ட் கவனிக்க வேண்டிய இடம், மெட்டு வைக்கிற வேலை. கறுப்பு மெழுகைத் தண்டி மேல் பரப்பி, அதன் மேல் உலோக மெட்டை வைத்து, கம்பியை மீட்டிக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்துகிறார்கள். ஒரு நூல் முன்னே, அரை நூல் பின்னே. காது சரி என்று சொல்லும்வரை மெழுகு இறுகக் கூடாது. நம்ம ஆள் என்னடாவென்றால், கிடார் வாங்கிய நாளில் செய்த ட்யூனிங்கோடு ஆறு மாசம் ஓட்டுகிறார்! ஐப்பசி அடைமழையில் மரம் ஊறும், கம்பி துருப்பிடிக்கும். சித்திரை வெயிலில் மரம் சுருங்கும். டெல்டாவில் கிடார் வைத்திருப்பவர் தினம் ட்யூன் பண்ண வேண்டும். ஈரத்துணியால் இல்லை, காய்ந்த துணியால் கம்பியைத் துடைத்து வைக்க வேண்டும். பாதிப் பேருக்கு ஸ்ட்ரம்மிங் மோசமில்லை, சுருதிதான் மோசம்.

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன். நான் பி.காம். சங்கீதத்தில் எனக்குப் பிடித்த ஒரே ராகம் கூட்டு வட்டி!

சிரிக்காதீர்கள். கிடாரின் கழுத்தே ஒரு கணக்குப் புத்தகம்தான். ஒரு மெட்டு ஏறினால் அதிர்வு எண் 5.946 சதவிகிதம் கூடும். அடுத்த மெட்டில், கூடிய தொகைக்கு மேல் மறுபடியும் 5.946 சதவிகிதம். இப்படி 12 தவணை போனால் அசல் சரியாக இரட்டிப்பு. கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜமாகிவிடும்!

கம்பியின் நீளமோ தேய்மானக் கணக்கு. ஒவ்வொரு மெட்டுக்கும், மிச்சமிருக்கும் நீளத்தில் 5.613 சதவிகிதம் கழியும். 650 மில்லிமீட்டர் கம்பியென்றால் முதல் மெட்டு 36.5 மில்லிமீட்டரில். இரண்டாவது அதிலிருந்து 34.4 தள்ளி. 12-வது மெட்டு சரியாகப் பாதியில், 325-ல். மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி வருவது ஏன் என்று இப்போது புரிகிறதா? காலேஜில் 'ரிட்டன் டவுன் வேல்யூ மெத்தட்' நடத்தியபோது தூங்காமல் இருந்தவர்களுக்குக் கிடார் சுலபம்.

* * *

இந்தக் கணக்கை இதே ஊரில் உட்கார்ந்து, நூறு வருஷத்துக்கு முன்பே போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஆபிரகாம் பண்டிதர்.

1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். தொழில், முதலில் பள்ளிக்கூட வாத்தியார். பிறகு சித்த வைத்தியர். தஞ்சாவூரில் அவர் தயாரித்த மாத்திரைகள் கடல் கடந்தும் விற்றன. சம்பாதித்த பணத்தை என்ன செய்தார்? நிலம் வாங்கினார், தோட்டம் போட்டார், சரி. மிச்சத்தைச் சங்கீதத்தில் போட்டார்! 1912-ல் 'சங்கீத வித்யா மகாஜன சங்கம்' ஆரம்பித்தார். சொந்தச் செலவில் மாநாடு மேல் மாநாடாகக் கூட்டி, வித்வான்களை வரவழைத்து, 'ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி?' என்று விவாதிக்க வைத்தார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குத் தன் மகள்களை அழைத்துப் போய், தன் கட்சியைப் பாடிக் காட்ட வைத்தார். 1917-ல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல்!

22 சுருதி என்று சாஸ்திரம் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்தாயியைச் சம இடைவெளியில் 12, 24 என்று பிரிப்பதே பழந்தமிழர் முறை என்று சிலப்பதிகாரத்தை வைத்து வாதாடினார். கம்பி நீளங்களைப் பக்கம் பக்கமாக அட்டவணை போட்டார். அவர் சொன்னதை ஏற்காத பண்டிதர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

நான் சொல்ல வருவது வேறு. அவர் பரம்பரை வித்வான் இல்லை. சபா சான்ஸ் கேட்டுப் போனவர் இல்லை. பகலில் நாடி பார்த்து மருந்து கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் கம்பியை அளந்தவர். கச்சேரி வித்வான்கள் கணக்கில் பார்த்தால் அமெச்சூர். 'ஆபீஸ் போறவனுக்கு எதுக்கு சார் மியூசிக்?' என்று கேட்பவர்களுக்கு, 'வைத்தியருக்கு எதற்கு இருந்ததோ அதற்குத்தான்' என்று பதில் சொல்லலாம்.

* * *

சரி, முதல் புகார், கொத்து பரோட்டா. அதற்குக் கும்பகோணம் பக்கம் போக வேண்டும். ஏதாவது கல்யாண மண்டபத்தில் தவில் சத்தம் கேட்டால், தயங்காமல் நுழைந்துவிடுங்கள். சாப்பாடு போனஸ்.

ஸ்ட்ரம்மிங்கில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் படுகிற பாடு என்னவென்றால், கம்பியை அடிக்கும்போது மட்டும் கையை அசைக்கிறார்கள். அடிக்காதபோது கை நின்றுவிடுகிறது. நின்ற கை மறுபடி கிளம்பும்போது தாளம் தப்புகிறது. கடிகாரப் பெண்டுலம் எங்கேயாவது நின்று யோசிக்கிறதா? கை கீழே, மேலே, கீழே, மேலே என்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எந்தெந்தத் தடவை கம்பியைத் தொடுவது, எந்தெந்தத் தடவை காற்றைத் தொடுவது என்பதுதான் ஸ்ட்ரம்மிங்.

இதற்குத் தவில்காரர்கள் குடும்பத்தில் குழந்தைக்குச் சொல்லித்தரும் பாடமே போதும். வாயால் 'தகதிமி' சொல்லுங்கள். 'த' கீழே, 'க' மேலே, 'தி' கீழே, 'மி' மேலே. நாலையும் அடியுங்கள். அப்புறம் 'க'வை மட்டும் வாயால் சொல்லிக்கொண்டு, கையைக் கம்பியில் படாமல் கொண்டுபோங்கள். அப்புறம் 'தி'யை. ஆளுக்கு ஆள் விதவிதமான பேட்டர்ன் என்று படம் போட்டுக் காட்டுகிறார்களே, எல்லாம் இதற்குள் அடக்கம். மேலே வரும்போது ஆறு கம்பியையும் வாரிக்கொண்டு வராதீர்கள். மெல்லிய கம்பி இரண்டு, மூன்று பட்டால் போதும். சோபாவில் தூசு தட்டுகிற மாதிரி முழங்கையை ஆட்டாமல், மணிக்கட்டைத் தளர விடுங்கள். தாலாட்டு மாதிரி ஆடும் பாட்டுகளுக்கு 'தகிட தகிட'.

தாளத்துக்குத் துணை வேண்டுமா? செல்போனில் மெட்ரோனோம் இலவசம். ஆனால், வாசிக்கும்போது எதிரில் ஒரு தலையாட்டி பொம்மையையும் வைத்துக்கொள்ளுங்கள். தாளத்துக்கு இல்லை. எப்படி வாசித்தாலும் தலையாட்டுகிற ரசிகர் நமக்கு வேறு யார் கிடைப்பார்?

இரண்டாவது புகார், மேலே போய் மாட்டிக்கொள்ளும் குரல். இதற்கு விடை கும்பகோணத்தைத் தாண்டி, ஆடுதுறைக்குப் பக்கத்தில் நரசிங்கம்பேட்டையில் இருக்கிறது. ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் செய்யும் ஊர். இதற்கும் 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு காலத்தில் 'திமிரி' என்கிற குட்டை நாகஸ்வரம்தான் புழக்கம். உச்ச சுருதி. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்ன செய்தார்? நரசிங்கம்பேட்டை ஆசாரியிடம் நீளமான 'பாரி' நாகஸ்வரத்தைச் செய்ய வைத்து, சுருதியை இறக்கிக்கொண்டார். இறக்கியதால் அவர் புகழ் இறங்கியதா? அப்புறம் எல்லாருமே பாரிக்கு வந்துவிட்டார்கள்.

நாகஸ்வரச் சக்கரவர்த்தியே சுருதியை இறக்கும்போது, உரக்கடைக் கணக்கர் எதற்காக சினிமாப் பாட்டை அதே சுருதியில் பாடி நரம்பைப் புடைக்கிறார்? தட்டில் கேட்ட சுருதி, பாடியவரின் தொண்டைக்கு அளந்து தைத்த சட்டை. நமக்கு வேறு அளவு. உங்கள் கட்டை எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை 'சி', இரண்டு 'டி', மூன்று 'ஈ', நாலு 'எஃப்', ஐந்து 'ஜி'. கஷ்டப்படாமல் தொடும் கீழ் ஸ்வரம் எது, மேல் ஸ்வரம் எது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதுங்கள். பாட்டின் உச்சி அந்த மேல் ஸ்வரத்துக்கு ஒரு படி கீழே நிற்கிற மாதிரி சுருதியை வையுங்கள். கழுத்தில் மாட்டுகிற 'கேப்போ' என்ற கிளிப் இதற்காகத்தான். இரண்டு மெட்டு தள்ளி மாட்டினால் 'ஜி' பிடித்தபடி வாசித்தாலே 'ஏ' கேட்கும். விரல் மாற வேண்டாம், சுருதி மாறிவிடும்.

சாதகத்துக்குத் திருவையாறு வழி. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு சொல்வார்கள். 1847-ல் தியாகராஜர் மறைந்த ஊர். தை மாத ஆராதனையில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே குரலாகப் பஞ்சரத்ன கீர்த்தனை பாடுவார்கள். அந்தக் கூட்டத்தில் பெரிய வித்வானும் இருப்பார், நேற்று சரளி வரிசை ஆரம்பித்தவரும் இருப்பார். குரல் கூச்சம் உள்ளவர்களுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

அந்தச் சரளி வரிசையையே கிடாரில் வாசிக்கலாம். மாயாமாளவகௌளை ராகம். ஒரே கம்பியில் திறந்த கம்பி ஸட்ஜம். அப்புறம் மெட்டு 1, 4, 5, 7, 8, 11, 12. விரல் போகிற இடத்துக்கெல்லாம் குரலும் கூடவே போகட்டும். மெதுவாக ஒரு காலம், இரட்டிப்பாக ஒரு காலம், அதிலும் இரட்டிப்பாக ஒரு காலம். பத்து நாளில் கையும் வாயும் ஒன்றையொன்று விசாரிக்க ஆரம்பிக்கும்.

* * *

மூன்றாவது புகார், கிணற்றுக்குள் இருந்து பேசுகிற ரிக்கார்டிங். இதைத் தீர்க்க நான் எந்த ஸ்டூடியோவுக்கும் போகவில்லை. பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன்.

நண்பருக்கு இருபத்தெட்டு வயசு. கும்பகோணத்தில் ஒரு ஆபீஸில் கிளார்க். அவர் குடும்பத்தில் சேற்றில் இறங்காமல் சம்பளம் வாங்குகிற முதல் ஆள். மூன்று வருஷமாகக் கிடார். சினிமாப் பாட்டு எல்லாம் சுமாராக வருகிறது. அவருக்கு வேறொரு ஆசை. அவர் அம்மா பாடுகிற நடவுப் பாட்டை, கிடாரோடு சேர்த்து ரிக்கார்ட் பண்ண வேண்டும்.

"அம்மாவுக்கு அறுபத்து மூணு ஆச்சுண்ணே. அவங்க செட்டுல பாடினவங்கள்ல இப்ப ரெண்டு பேருதான் இருக்காங்க. நடவே மெஷினுக்குப் போயிடுச்சு. இல்லாட்டி வங்காளத்துலேர்ந்து ஆளுங்க வந்து நட்டுட்டுப் போறாங்க. இனிமே யார் பாடப் போறா?"

சங்கீத ஊர் என்று தஞ்சாவூருக்குப் பேர் வாங்கித்தந்த வீதிகளில் இந்தப் பாட்டுக்கு இடம் இருந்ததில்லை. கல்வெட்டில் ராஜராஜ சோழன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குறித்து வைத்தான். அரண்மனை கீர்த்தனைகளை ஏடாகக் கட்டி வைத்தது. பண்டிதர் சுருதியை அளந்து அச்சிட்டார். நாற்று நட்டவர்களின் பாட்டு வரப்பிலேயே பிறந்து வரப்பிலேயே போனது. அதை எடுத்து வைக்க இப்போது இருப்பது ஒரு பையன், ஒரு செல்போன், ஒரு கிடார்!

நண்பர் முதலில் ஹாலில் முயற்சி செய்திருக்கிறார். சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, எதுவும் இல்லாத புது வீடு. சத்தம் சுவருக்குச் சுவர் பந்தாடியது. கைதட்டிப் பாருங்கள், தட்டிய பிறகும் 'ணங்' என்று ஒரு வால் நீண்டால் அந்த ரூமில் ரிக்கார்ட் பண்ணாதீர்கள். அதுதான் கிணறு.

வழி பக்கத்திலேயே இருந்தது. பழைய வீட்டின் பின்கட்டு. ஒரு பக்கம் பத்தாயம். மறுபக்கம் ஆளுயரத்துக்கு வைக்கோல் கட்டுகள், நெல் மூட்டைகள். உள்ளே போய்க் கைதட்டினால், தட்டிய சத்தம் அங்கேயே அமுங்கியது. மெத்துமெத்தென்று, சந்து சந்தாக இருக்கும் எதுவும் சத்தத்தை விழுங்கும். பட்டணத்தில் அதற்குப் பஞ்சுப் பலகை விற்கிறார்கள். டெல்டாவில் அறுவடை முடிந்தால் வீட்டுக்கு வீடு ஸ்டூடியோ! (பீடி மட்டும் வேண்டாம்.) நகரத்து போர்ஷன்வாசிகள் கவலைப்பட வேண்டாம். மெத்தை, போர்வை, துணி நிறைந்த பீரோ, திறந்த கதவு, இவை போதும்.

செல்போனை ஃபிளைட் மோடில் போட்டோம். சத்தத்தைத் தானே ஏற்றி இறக்கும் வசதியை ஆஃப் பண்ணினோம். கிடாரின் ஓட்டைக்கு நேராக வைத்தால் 'பும்... பும்...' என்று மொத்தும். அதனால் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தைப் பார்த்து ஓர் அடி தள்ளி வைத்தோம். மீட்டர் சிவப்பைத் தொடாமல், நிறைய இடம் விட்டு அளவு வைத்தோம். சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உடைந்து பதிந்தால் ஒட்ட முடியாது. எல்லாம் ரெடி.

அந்த அம்மா மட்டும் ரெடி இல்லை!

"போங்க தம்பி. கையில நாத்து இல்லாம பாட்டு எப்படி வரும்?" என்றார். இரண்டு தடவை ஆரம்பித்தார். வெட்கப்பட்டு நிறுத்தினார். மகன் கிடாரில் சினிமா கணக்காக நாலு கார்டு மாற்றி மாற்றிப் போட, "நீ ஒரு பக்கம் இழுக்குற, நான் ஒரு பக்கம் போறேன். ஆள வுடுடா" என்று எழுந்தேவிட்டார்.

எழுந்தவர் சும்மா இருக்கவில்லை. ஓரத்தில் இருந்த முறத்தை எடுத்து அரிசி புடைக்க ஆரம்பித்தார். கை ஓடியது. கை ஓடிய கொஞ்ச நேரத்தில், தானாகவே குரல் வந்தது!

நண்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரிக்கார்டிங் பட்டனை அழுத்தினார். பிறகு, கிடாரை எடுக்கவே இல்லை. பாட்டு முடியும்வரை அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் வேலை தொடங்கியது. அம்மாவின் சுருதி ஐந்து கட்டையும் இல்லை, ஐந்தரையும் இல்லை. நடுவில். வயலுக்கு ஏது ட்யூனர்? முன்பெல்லாம் நண்பர் செய்திருக்கக்கூடியது, அம்மாவைக் கிடார் சுருதிக்கு வரச் சொல்வது. இப்போது கிடாரை அம்மாவிடம் கொண்டுபோனார். முதல் மெட்டில் கேப்போ மாட்டி, எல்லாக் கம்பியையும் ஒரு துளி தளர்த்தி, ரிக்கார்டைக் கேட்டுக் கேட்டு, வீணைப் பட்டறையில் மெட்டு நகர்த்துகிற மாதிரி அரை நூல், கால் நூல் என்று பிடித்தார். பாட்டில் மொத்தமே ஐந்து ஸ்வரம்தான். அதற்கு நாலு கார்டு எதற்கு? ஸட்ஜம், பஞ்சமம் இரண்டை மட்டும் தம்பூரா மாதிரி வைத்துக்கொண்டார்.

ஸ்ட்ரம்மிங்? அதை அந்த அம்மாவே சொல்லிக்கொடுத்தார், சொல்லிக்கொடுக்கிறோம் என்று தெரியாமலே.

"நடவுல இடது கையில நாத்து முடி இருக்கும். வலது கை அதுலேர்ந்து ரெண்டு மூணு பிச்சு, சேத்துல ஊனிட்டு, மேல வரும். கீழ, மேல... கீழ, மேல... கை நிக்கவே கூடாது தம்பி. நின்னா வரிசை பிசகிடும். பக்கத்துல இருக்குறவளுக்கும் பிசகும். அதுக்குத்தான் பாட்டே!"

இடது கை பிடித்துக்கொள்ள, வலது கை நிற்காமல் கீழே மேலே... நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருஷமாக வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதன் மொத்த சாரமும் முறத்தோடு முன்னால் உட்கார்ந்திருந்தது.

அன்று ராத்திரி கிடாரைத் தனியாகப் பதிந்து, அம்மாவின் குரலுக்கு அடியில் வைத்தார். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி சாஃப்ட்வேர்தான். கிடாரின் அளவைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். முறத்தில் அரிசி விழும் சத்தத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டார். "தாளத்தை எடுத்துட்டுப் பாட்டை மட்டும் எங்க வைப்பீங்க?" என்றேன். விட்டுவிட்டார். நடுவில் எங்கோ ஒரு பம்ப் செட் 'டுப்டுப்' என்று கிளம்புகிறது. அதையும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் காதை ஆறவிட்டுக் கேட்டோம். (ராத்திரி நன்றாக இருந்ததெல்லாம் காலையில் நன்றாக இருக்காது. ரிக்கார்டிங்குக்கும் இந்த விதி உண்டு.) நன்றாகவே இருந்தது. சினிமாத் தரம் இல்லை. ஆனால் ஒரு மனுஷி பாடுகிறார், ஒரு கிடார் அவர் பின்னால் வரப்பில் நடந்து வருகிறது என்று தெளிவாகக் கேட்டது.

அந்த அம்மா ஹெட்போனைக் காதில் வைத்துக் கடைசிவரை கேட்டார். கழற்றிக் கொடுத்தார்.

"பாட்டு சரிதான். இதுக்கு இன்னொண்ணு இருக்கு, பதில் பாட்டு. அதுக்கு அவ வரணும்" என்று மிச்சமிருக்கும் தோழியின் பேரைச் சொன்னார். தோழி இருப்பது நாலு ஊர் தள்ளி, மகள் வீட்டில். நண்பர் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்து வீட்டு பைக்கைக் கேட்கக் கிளம்பினார்.

* * *

நான் பார்த்தவரை, கிடாரில் முன்னேறாதவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் செய்கிறார்கள். அடுத்த நல்ல கிடார், அடுத்த நல்ல மைக், அடுத்த நல்ல வீடியோ என்று காத்திருக்கிறார்கள். முன்னேறியவர்கள், பக்கத்தில் கேட்கிற ஏதோ ஒன்றுக்குக் காது கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊரிலும் ஏதாவது இருக்கும். கோயில் தவிலோ, சர்ச் கொயரோ, பாட்டியின் தாலாட்டோ. கிடாரை அதன் சுருதிக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள்.

நேரம்தான் இல்லை என்கிறீர்களா? பி.காம். புத்தியில் ஒரே ஒரு யோசனை. தினம் பதினைந்து நிமிஷம் போடுங்கள். அசல் சின்னதாக இருந்தால் பரவாயில்லை, தவணை தவறக்கூடாது. கூட்டு வட்டியின் குணம் உங்களுக்கே தெரியும். முதல் ஆறு மாசம் ஒன்றும் தெரியாது.

அதுவரை, தலையாட்டி பொம்மை இருக்கிறதே... அது போதும்!